கிச்சாப்பை வெளியே விட்ட நாள்

பத்து மணிக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கூடத்துக் கடிகாரத்தை எட்டி எட்டிப் பார்த்தேன். வாசலில் என் மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால், கடைவரிசையை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில், நான்கு வாரமாக வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த பூனை தரையை முகர்ந்து முகர்ந்து நடந்துகொண்டிருந்தது. பத்து மணிக்கு எதிர்க்கடையில் பட்டாசு வெடிக்கப் போகிறது என்பது எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லவில்லை. மாமியார் போய்ச் சேர்ந்து ஓராண்டாகப் போகிறது. அந்த ஆறு நிமிடத்தை இன்றைக்கும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்தவர் அவர். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த இரண்டாம் மாதமே, கெலுகோர் பக்கம் தெருப்பூனைகளை எடுத்து வளர்க்கும் ஒரு பெண்ணிடமிருந்து இதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அட்டக்கருப்பு. அதனால் பெயர் கிச்சாப். மீகோரேங் நூடுல்ஸில் ஊற்றுவோமே, அந்தக் கருப்பு சோயாச் சாறு. ஒரு மாதம் கதவைத் திறக்கக்கூடாது, பிறகு பகலில், சாப்பாட்டுக்கு முன்னால் பசியோடு கொஞ்ச நேரம் விடுங்கள், பசிக்குத் திரும்பி வரும் என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பியிருந்தார். மாமியார் அதை வேலையிடத்து உத்தரவைப் போல அப்படியே கடைப்பிடித்தார். எந்த நாளில் விடுவது என்பதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. கோயிலில் கொடுத்த காலண்டரைப் பார்த்து, புதன்கிழமை, காலை ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை நல்ல நேரம் என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். அந்தப் புதன் சீனப் பெருநாளின் எட்டாம் நாள் என்பதை எங்கள் காலண்டர் சொல்லுமா என்ன?

எனக்கு அது தெரிந்தது முந்தின நாள். எதிரே இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சீன முதலாளி, தவுக்கே, குப்பை போட வந்த என்னைக் கூப்பிட்டு, பெருநாள் விடுமுறை முடிந்து நாளைக்குப் பத்து மணிக்குக் கடை திறக்கிறோம், சிங்க ஆட்டம் வருகிறது, பட்டாசு நீளம், பூனையை உள்ளே வைத்துக்கொள்ளச் சொல் என்று மலாயில் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். படியேறும்போதே சொல்லியிருப்பேன். ஆனால் அதற்கு முன்தினம்தான், கிரில் கதவைச் சரியாகப் பூட்டவில்லை என்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் காது கேட்க மாமியார் என்னைப் பிடித்து விளாசியிருந்தார். "என் வீட்டுக் கதவ ஒழுங்கா பூட்டத் தெரியல ஒனக்கு." ஒன்பது வருடம் அந்த வீட்டில் சமைத்து, கூட்டிப் பெருக்கி, சம்பளத்தில் பாதியைக் கொட்டியவள் நான். இன்னும் அது அவர் வீடாம். நாள் பார்க்கத் தெரிந்தவருக்குத் தெருவைப் பார்க்கத் தெரியாதா, பார்த்துக்கொள்ளட்டும் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். வீம்புதான். வேறு பேர் வைக்க முடியாது.

ஆனாலும் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டேன். ஈரக்கையோடு வாசலுக்குப் போய், போதும் அத்தே, உள்ளே கூப்பிடுங்கள் என்றேன். அவர் பூனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பத்தேகால் வரைக்கும் நேரம் நல்லாருக்கு. நீ போய் ஒன் வேலையப் பாரு." எதிர்க்கடை மாடியிலிருந்து சிவப்புப் பட்டாசுச் சரம் இறங்கிக்கொண்டிருந்தது என் கண்ணில் பட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். நான் போய் என் வேலையைப் பார்த்தேன்.

லாரியில் மேளம் வந்தது. அடுத்த நொடி தெருவே வெடித்தது. நான் ஓடி வருவதற்குள் கிச்சாப் இரண்டு மோட்டார் சைக்கிளுக்கு நடுவே புகுந்து, புகைக்குள் போய், இல்லாமல் போயிற்று. மாமியார் செருப்பில்லாமல் அதன் பின்னால் ஓடினார். வெடித்துக்கொண்டிருந்த சரத்துக்குப் பத்தடி தூரத்தில் அவரைப் பிடித்து நிறுத்தினேன். என் கையை உதறிவிட்டுப் பின்சந்துக்குப் போனார். அன்று மாலைவரை இருவரும் ஒவ்வொரு கால்வாயாகக் குனிந்து பார்த்தோம். நெத்திலி டப்பாவை ஆட்டி ஆட்டி அவர் கூப்பிட்ட குரல் கம்மிப் போயிற்று. வேலை முடிந்து வந்த என் கணவர், "வந்துரும் லா, அழுவாதிங்கம்மா" என்று எத்தனை முறை சொல்லியும் அவர் சாப்பிடவில்லை. தன்னையே திட்டிக்கொண்டார். நாளைப் பார்த்தேன், எதிரில் இருக்கிற கடையைப் பார்க்கவில்லையே, என் புத்தியை எதால் அடிப்பது என்று புலம்பினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். பழி முழுவதையும் அவர் எடுத்துக்கொள்ள விட்டேனே, பட்டாசைவிட அதுதான் என் பெரிய பாவம்.

மூன்றாம் நாள் தவுக்கேயே வந்தார். அவருடைய கிடங்கில், துத்தநாகத் தகடுகளுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பூனை ஒடுங்கிக் கிடக்கிறதாம். மாமியார் போய் அதை மார்போடு அணைத்துத் தூக்கினார். முன்னங்காலில் ஒரு சிராய்ப்பைத் தவிர வேறு காயம் இல்லை. பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் தவுக்கே குறைப்பட்டுக்கொண்டார்: முந்தின நாளே உங்கள் மருமகளிடம் சொன்னேனே, பூனையை ஏன் வெளியே விட்டீர்கள்? மாமியார் என்னைப் பார்த்தார். தவுக்கேக்கு நன்றி சொல்லிவிட்டு நடந்தார். அன்றைக்கு அவர் என் தலைமுடியைப் பிடித்து இழுத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

காயம் ஆறியது. ஒரு மாதம் கழித்து ஒரு காலை, கிரில் சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இனிமேல் எப்போது விடுவது என்று நீயே சொல் என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரே கேள்வி: "இன்னிக்கு விடலாமா?" மழை வரும் போல இருக்கிறது என்பேன். இன்றைக்குச் சந்தை, வண்டி அதிகம் என்பேன். கோயிலில் திருவிழா என்பேன். அவர் பூனைக்குச் சாப்பாடு வைக்கப் போய்விடுவார். ஒன்றரை வருடம் நான் ஒரு நாளும் சரி என்று சொல்லவில்லை. மீண்டும் அது ஓடிவிட்டால் அவர் முகத்தைப் பார்க்க என்னிடம் தெம்பு இல்லை.

பிறகு அவருக்கு இருதயக் கோளாறு வந்து மருத்துவமனையில் படுத்தார். அங்கேயும் அதே கேள்வி. ஒரு நாள் காலை அவர் மூச்சு வாங்கியதைப் பார்த்து மனது கேட்காமல், விட்டேன் அத்தே, கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வந்துவிட்டது என்று கூசாமல் பொய் சொன்னேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூனைக்குச் சாப்பாடு வைக்காமல், வெயில் தாழ்ந்ததும் கதவைத் திறந்தேன். கிச்சாப் படியில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு தூணைச் சுற்றி மறைந்தது. இருபது நிமிடம். ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் என் உயிர் போய்ப் போய் வந்தது. அது திரும்பி வந்து என் காலில் உரசியபோது, வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மறுநாள் மருத்துவமனையில் நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். "நேத்து சாயந்தரந்தான் விட்டியா?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நேத்து காலைல ஒன் மொகம் அந்தப் பட்டாசு அன்னிக்கி இருந்த மாதிரியே இருந்துச்சு. இன்னிக்கி அப்டி இல்ல."

ஒன்றரை வருடம் கழித்து முதல்முறையாக அவர் அந்த நாளைப் பற்றிப் பேசினார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னை மன்னித்துவிடுங்கள் அத்தே என்றேன்.

அவர் என் புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"அதான் பூன வந்துருச்சுல்ல."