மாவுக்கட்டு சிஸ்டரும் ஓட்டுநர் மகளும்

நர்ஸ் வேலையில் சேர்ந்த புதிதிலேயே அவர் ஆபரேஷன் தியேட்டரில் மயங்கி விழுந்தார். சும்மா விழவில்லை. கத்தி, கத்தரிக்கோல் அடுக்கிய தட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு விழுந்தார். கண்விழித்துப் பார்த்தபோது தலைமை நர்ஸ் இடுப்பில் கைவைத்தபடி நின்றிருந்தார்.

“ரத்தம் உனக்கு ஒத்துவராது போல. கொஞ்ச நாள் மாவுக்கட்டு ரூமுக்குப் போ.”

அந்தக் கொஞ்ச நாள், ஓய்வு பெறும் வரைக்கும் நீண்டுவிட்டது. அவருக்குச் சொந்தப் பெயர் இருந்ததையே ஆஸ்பத்திரி மெல்ல மறந்துபோனது. எல்லாருக்கும் அவர் மாவுக்கட்டு சிஸ்டர்.

அறை தரைத்தளத்தின் கடைசியில் இருந்தது. நடுவில் ஓர் இரும்பு மேசை, பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வாளி, சுவரோரம் பஞ்சும் துணிச்சுருளும் நிறைந்த அலமாரி. எவ்வளவு கழுவினாலும் தரையில் வெள்ளைத் திட்டுகள் போகாது. மாவு பூசிய சுருளைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி அடங்கியதும் எடுத்து, லேசாகப் பிழிந்து, உடைந்த கையிலோ காலிலோ சுற்றிக்கொண்டே போவார். விரல்கள் ஒரு நிமிடம் நிற்காது. வாய் அதைவிட நிற்காது. கட்டு இறுகும்போது சூடேறும் என்பது பலருக்குத் தெரியாது. பயந்துபோய் அவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

“ஒண்ணுமில்லங்க, அது கெட்டியாகுது. இப்ப ஆறிடும்” என்பார். சொன்னபடியே ஆறிவிடும்.

கட்டுப் போடுவதைவிடக் கட்டுப் பிரிப்பதுதான் அவருக்குப் பிடித்த வேலை. அறுக்கும் இயந்திரம் கிர்ரென்று இரைந்ததும் பெரிய பெரிய மீசைக்காரர்கள்கூட மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். சிஸ்டர் அதன் பல்லைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். அது அதிருமே தவிரத் தோலை அறுக்காது. கட்டு விலகியதும் உள்ளேயிருந்து வெளிறி, மெலிந்து, செதில் செதிலாகத் தோலுரிந்த ஒரு கால் வெளியே வரும். அதைப் பார்த்துக் கூசாதவர்கள் குறைவு. யாரோ ஒருவருடைய கால் தன் உடம்பில் ஒட்டிக்கொண்டது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்படித் திருப்பிக்கொண்டவர்களின் காலை அவர் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, எண்ணெய் தடவி விடுவார். அது அவர் வேலையில் சேராது. யாரும் செய்யச் சொன்னதும் இல்லை.

முப்பத்தைந்து வயதைத் தாண்டியபோது கல்யாணப் பேச்சை வீட்டில் எல்லாரும் விட்டுவிட்டார்கள். அவரும்தான். அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தார் ஒரு பஸ் ஓட்டுநர்.

“இத்தனை வருஷம் பஸ் ஓட்டி ஒரு கீறல் இல்ல சிஸ்டர். வீட்டுல பல்பு மாத்தப் போய் ஸ்டூல்லருந்து விழுந்துட்டேன். வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

துணைக்கு வந்தது அவருடைய எட்டு வயது மகள். தாயில்லாத பிள்ளை. அப்பாவின் ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, வைத்த கண் வாங்காமல் சிஸ்டரின் கைகளையே பார்த்தாள். பிறகு கேள்வி மேல் கேள்வி. உள்ளே வேர்த்தால் என்ன செய்வது, எறும்பு போனால் என்ன செய்வது, காலுக்கு இருட்டில் பயமாக இருக்காதா?

“பயமாத்தான் இருக்கும். நீ அப்பப்ப தட்டிக்கொடு” என்றார் சிஸ்டர்.

கட்டுப் பிரித்த பிறகும் ஓட்டுநர் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்தார். கணுக்கால் வலிக்கிறது என்றார். வலது கணுக்காலா இடதா என்று கேட்டால் யோசித்துச் சொன்னார். உடைந்தது எந்தக் கால் என்பதே அவருக்கு மறந்திருந்தது. சிஸ்டருக்குச் சிரிப்பு தாளவில்லை. அடுத்த ஆண்டு இருவரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

சிறுமிக்கு இது பிடிக்கவில்லை. முதல் நாள் சாப்பாட்டு மேசையில், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

“ஆஸ்பத்திரியில நல்ல சிஸ்டராத்தானே இருந்தீங்க. எதுக்கு வீட்டுக்கு வந்தீங்க?”

ஓட்டுநர் அதட்டப் போனார். சிஸ்டர் கையமர்த்தினார். “தெரியலம்மா. எனக்கும் புது இடமாத்தான் இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

அம்மா என்று கூப்பிடும்படி சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பிள்ளைக்குப் பாடம் எடுத்தார்கள். அவள் மசியவில்லை. சிஸ்டர் என்றே கூப்பிட்டாள். சிஸ்டரும் அதை மாற்ற முயலவில்லை. கட்டு இறுகுவதற்குள் பிடித்து அழுத்தினால் எலும்பு கோணிக்கொள்ளும், விட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்று கணவரிடம் சொன்னார். மனசுக்குள் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. தலை பின்னி விடலாமா என்று கேட்டால் “நானே பின்னிக்கிறேன்” என்பாள். பின்னிய பின்னல் இரண்டும் இரண்டு திசை பார்க்கும். அதோடுதான் பள்ளிக்கூடம் போவாள். சிஸ்டர் வாயை மூடிக்கொண்டு வாசல் வரை வந்து வழியனுப்புவார்.

அவளுக்குப் பதினைந்து வயதானபோது, ஒரு காலை வேளையில் பஸ் டெப்போவில் வண்டியில் ஏறி உட்கார்ந்த ஓட்டுநர், சாவியைத் திருகாமலே ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாவுக்கட்டு அறையிலிருந்து ஓடிவந்த சிஸ்டரின் கையில் அப்போதுதான் குழைத்த மாவு. அது அவர் கையிலேயே காய்ந்து இறுகியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்த அந்தப் பெண்தான் விரல் விரலாக அதை உடைத்து எடுத்தாள்.

காரியங்கள் முடிந்ததும் ஓட்டுநரின் அக்கா சிஸ்டரைப் பரிவோடு பார்த்தார். கெட்ட மனுஷி இல்லை.

“நீ இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பொறுப்பைச் சுமப்பே? புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். அத்தை வீடு அவளுக்குப் புதுசா என்ன?”

போகாதே என்று சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று நினைத்தார் சிஸ்டர். “அவ இஷ்டம் அண்ணி” என்றார்.

அந்தப் பெண் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் வரல அத்தை. நான் போயிட்டா சிஸ்டர் சமையல்மேடை பக்கத்துல நின்னுக்கிட்டே சாப்பிடுவாங்க.”

“அதுக்காகவா?”

“அப்பா வர லேட்டானா அப்படித்தான் பண்ணுவாங்க. நான் பாத்திருக்கேன்.”

அத்தை தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பாட்டில் உப்பில்லை. இருவருமே சொல்லவில்லை.

அவள் நர்ஸாகவில்லை, சர்வேயரானாள். முக்காலியும் கருவியுமாக வெயிலில் அலைந்து, ஊரார் நிலத்தை அளந்து, எல்லைச் சண்டைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வீடு திரும்புவாள். அவளுக்கு ஒரு கணவன், இரண்டு பிள்ளைகள், அடுத்த தெருவில் ஒரு வீடு. சிஸ்டர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் மாவுச் சுருளுக்குப் பதிலாக எடையில்லாத, கலர் கலரான புதுக் கட்டுகள் வந்தன. பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். சிஸ்டருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம் துணிக்கடைக்காரர் மாதிரி, “ஊதா எடுத்துக்குங்க, உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்” என்று சிபாரிசு செய்தார்.

எழுபத்தெட்டு வயதில் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது, தனக்கும் ஊதாவே கேட்டு வாங்கினார். அவ்வளவு மோசமான நோயாளியை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்காது. கையை உயர்த்தி வைக்கச் சொன்னால் தொங்கப் போட்டார். கட்டுக்குள் எதையும் விட்டுச் சொறியாதீர்கள் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவர், கரண்டிக் காம்பை உள்ளே விட்டுக் கண்மூடிச் சொக்கி நின்றபோது மகளிடம் கையும் களவுமாக மாட்டினார்.

“என்ன பண்றீங்க?”

“வேற யாராவது இப்படிப் பண்ணியிருந்தா திட்டியிருப்பேன்” என்றார் சிஸ்டர், காம்பை எடுக்காமலே.

அன்றே மகள் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கை சேர்ந்ததும் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. கை சேர்ந்தது, அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. ஃபேனை மகள் வேகமாக வைப்பாள், சிஸ்டர் மெதுவாக வைக்கச் சொல்வார், தினமும் ஒரு சண்டை நடந்தது. அடித்துக்கொள்வார்கள், அடுத்த நிமிடம் சேர்ந்து டீ குடிப்பார்கள். மாப்பிள்ளை இதில் தலையிடுவதை முதல் வாரத்திலேயே நிறுத்திக்கொண்டார்.

எண்பத்தாறாவது வயதில், ஒரு விடுமுறை நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் வெளியே துணி காயப்போட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டிருந்தாள். அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு கொய்யா மரத்துக்காகச் சண்டை போட்டு அவளை அளக்கக் கூப்பிட்ட கதை. வேர் அண்ணன் பக்கம், கிளையெல்லாம் தம்பி பக்கம். முதலில் உள்ளிருந்து ம், ம் என்று சத்தம் வந்தது. பிறகு வரவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாளே தவிர, கதையை நிறுத்தவில்லை.

வாளியோடு உள்ளே வந்தவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். யாரையும் உடனே கூப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்து, மடியில் கிடந்த அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“கடைசியில என்ன ஆச்சுன்னா,” என்றாள் மெதுவாக, “அளந்து பாத்தா மரமே அவங்க நிலத்துல இல்ல. பக்கத்து வீட்டுக்காரரோடது. அந்த ஆள் பாவம், இத்தனை நாளா வாயே திறக்கல.”

பிறகு எழுந்துபோய் ஃபேனை மெதுவாக வைத்துவிட்டு, கணவனைக் கூப்பிட்டாள்.