வாலென்சியாவில் ஷட்டர் இறங்கும் நேரம்

குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் எக்ஸ்போர்ட் கிளார்க்காகச் சேர்ந்த முதல் நாளே என் சாப்பாட்டு நேரம் கெட்டது. தொண்ணூறுகளின் தொடக்கம். எங்களிடம் தோல் வாங்கும் புது பையர் ஸ்பெயினில், வாலென்சியா நகரத்தில் ஷூ செய்கிறவர்கள். அவர்கள் ஆபீஸ் காலை ஒன்பதுக்குத் திறக்கும், இரண்டுக்கு மூடும். மறுபடி ஐந்துக்குத் திறந்து எட்டு வரை. கோடையில் அவர்களைவிட நாம் மூன்றரை மணி முன்னால். அதாவது நமக்குப் பகல் பன்னிரண்டரை முதல் ஐந்தரை வரை, அப்புறம் இரவு எட்டரைக்கு மேல். பதினொன்றரைக்கே தயிர் சாதத்தை விழுங்கிவிட்டுப் போன் பக்கத்தில் உட்காருவேன். அப்போது பிடித்த அசிடிட்டி இன்னும் விடவில்லை.

முதலாளி ஏகாம்பரம் உள்ளூர்க்காரர். நெல் போட்ட சொந்த நிலத்தில் ஷெட் கட்டியவர்.

“இன்னா சார், பட்டப்பகல்ல கடைய மூடிகினு போறான்? தூங்குவானா?”

“சாப்பிடப் போறாங்க சார். அங்க ஊர் வழக்கமே அப்படித்தான்.”

“நல்லா பொழைக்கிறான் போ.”

அவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ராகு காலத்தில் வியாபாரப் பேச்சு கூடாது. ரிசீவரை எடுத்து மேஜையில் படுக்க வைத்துவிடுவார். போனுக்கும் ஃபேக்ஸுக்கும் ஒரே லைன். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ராகு காலம் ஸ்பெயின் நேரத்தைத் தின்றுவிடும். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

முதல் லாட், ஷூவின் மேல்பாகத்துக்கான பிரவுன் அப்பர் லெதர். சாம்பிள் துண்டு கூரியரில் போயிருந்தது. அவர்கள் ஷேடுக்கு ஓகே சொன்னால்தான் சரக்கு கிளம்பலாம். அந்தச் செவ்வாய் மாலை லாரி புறப்பட்டால் கப்பலைப் பிடிக்கும். பிடித்தால் மாதா மாதம் ஆர்டர் என்று பேச்சு. அதை நம்பி முதலாளி இரண்டாவது ஷிஃப்டுக்கு ஆள் எடுத்துவிட்டார்.

அன்று பன்னிரண்டரையிலிருந்து அவர்கள் போனுக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. மூன்று மணிக்கு முதலாளி ரிசீவரை மேஜையில் படுக்க வைத்தார். “ஓகே எங்கயும் ஓடிப் போவாது சார். நாலரைக்கு மேல பேசிக்கலாம்.”

நாலரைக்குச் சுழற்ற ஆரம்பித்தேன். லைன் கிடைக்கவில்லை. விரல் வலித்தது. ஐந்தே முக்காலுக்கு லைன் கிடைத்து அங்கே மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. அங்கே ஷட்டர் இறங்கிவிட்டது.

லாரி டிரைவர் மூன்று முறை எட்டிப் பார்த்தான். “அண்ணா, எடுக்கட்டா வேணாமா? ஹார்பர் கேட்ல லைன் கட்டணும். லேட்டானா உள்ள வுட மாட்டான்.”

“அனுப்பிடலாமா சார்?” என்று முதலாளியைக் கேட்டேன்.

“ஓகே இல்லாம அனுப்பி, கலர் சரியில்லன்னு அவன் திருப்பிட்டா? அத்தினி தோலையும் நான் தலைல கட்டிகினு ஆடவா?”

ஏழு மணிக்கு லாரியின் தார்ப்பாயை அவிழ்த்தார்கள். இரண்டாவது ஷிஃப்டுக்கு வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

எட்டரைக்கு லைன் கிடைத்தது. அங்கே ஆர்டர் பார்க்கிற மரியா எடுத்தாள். ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் பேசினாள்: ஷேட் பிரமாதம், காலையிலேயே ஓகே, சொல்வதற்குப் பதினோரு முறை போன் போட்டேன், உங்கள் லைன் ஒன்றரை மணி நேரம் எங்கேஜ்டு, அவ்வளவு நேரம் யாரோடு பேசினீர்கள்?

முதலாளியிடம் சொன்னேன். ரிசீவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரக்கு அடுத்த கப்பலில் போனது. மாதா மாதம் என்றிருந்த ஆர்டர் இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று ஆனது. இரண்டாவது ஷிஃப்ட் நின்றது. அதில் அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவரும் உண்டு. வெகு நாள் என்னோடு பேசவில்லை.

வெளிநாட்டுக் கம்பெனிகளோடு வேலை பார்க்கப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அவர்கள் கடை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி வேலைதான் முடிந்தது. நம் கடை எப்போது மூடும் என்று அவர்களுக்கும் சொல்ல வேண்டும். நான் மறுநாளே ஃபேக்ஸ் அனுப்பினேன். ராகு காலத்தை ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது? கிழமை வாரியாக நேரத்தைப் போட்டு, ‘ஆபீஸ் மூடியிருக்கும்’ என்று மட்டும் எழுதினேன்.

மரியாவின் பதில் ஒரே வரி: “நீங்களும் மதியம் தூங்குவீர்கள் என்று முன்பே சொல்லியிருக்கலாமே!”