குழியைச் சுற்றி ஒரு முகம்

பிப்ரவரி 11: 180
ஏப்ரல் 3: 240
ஜூன் 27: 95
ஆகஸ்ட் 16: 310

இவை என் தம்பி தெருவில் படம் வரையப் பெயிண்ட் வாங்கிய கணக்கு. கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுவது அவன் தொழில்.

ஊரில் சாக்கடைக் குழிகளின் இரும்பு மூடிகள் திருட்டுப்போய், மாதக்கணக்கில் திறந்தே கிடந்தன. மனு கொடுத்து அலுத்துப்போனவன், சந்தைத் தெருக் குழியைச் சுற்றிக் கொட்டாவி விடும் அதிகாரி ஒருவரை வரைந்தான். குழிதான் வாய். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று சிரித்தார்கள். அந்த வாரமே மூடி வந்துவிட்டது.

மூடி போட வந்த மேஸ்திரி, "ஏம்ப்பா, மூக்கு எங்க ஆபீசர் மூக்கு மாதிரியே இருக்கே?" என்றார்.

"கொட்டாவி விட்டா எல்லா மூக்கும் அப்படித்தாண்ணே."

கூட நின்ற அவனுடைய ஆறு வயது மகள், "அப்பா, இந்த ஆளைப் பல்லு தேய்க்கச் சொல்லு. நாறுது" என்றாள். நாங்கள் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம்.

மூடி போட்டதும் படத்தை அழித்துவிட வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொன்னது தம்பிதான். படம் இருந்தால் குழி இருக்கிறது என்று வண்டிக்காரர்கள் நம்ப வேண்டுமே.

அதன்பின் ஜனங்கள் நகராட்சிக்குப் போகாமல் அவனைத் தேடி வந்தார்கள். எங்கள் தெருமுனையிலும் ஒரு குழி இருந்தது.

"ஊர்க் குழியெல்லாம் அடைச்சாச்சு, நம்ம தெருக் குழி மட்டும் இவர் கண்ணுக்குத் தெரியல. நீங்களாவது சொல்லுங்க மாமா" என்று தம்பி மனைவி என்னிடம் முறையிட்டாள்.

"சொந்தத் தெருவுக்கு முதல்ல வரைஞ்சா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. முன்னாடி கேட்டவங்களுக்கு முடிச்சிடறேன்" என்றான் அவன்.

ஆகஸ்ட் 14 அன்று பெருமழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பள்ளிக்கூடம் விட்டு வந்த வாலு, கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீருக்கடியில் கிடந்த அந்தக் குழியில் விழுந்துவிட்டாள். மறுநாள் காலையில்தான் எடுக்க முடிந்தது.

அடக்கம் செய்த மறுநாள், தம்பி அந்தக் குழியருகே உட்கார்ந்து மகளை வரைந்தான். இதில் கேலி எதுவும் இல்லை. பள்ளிச் சீருடையில், ஒருக்களித்துப் படுத்துத் தூங்குகிறாள். அவ்வளவுதான்.

உடனே மூடி வந்தது. மேஸ்திரி தின்னரில் துணியை நனைத்தார், குனிந்தவர் நிமிர்ந்துவிட்டார்.

"என் கையால ஆகாது தம்பி."

படம் இருந்தது. தினமும் காலையில் தம்பி மனைவி ஈரத் துணியோடு போய் முகத்தில் படிந்த புழுதியைத் துடைத்துவிட்டு வருவாள். அதை மட்டும் விட்டுவைக்கும்படி நகராட்சிக்கு மனு எழுதினோம்.

அக்டோபர் 6 அன்று மேஸ்திரி விடுப்பு. வேறு ஆட்கள் வந்து, மூடி இருக்கிறதே என்று வழக்கப்படி அழித்துவிட்டுப் போய்விட்டார்கள். துணியோடு போனவள் நனைத்த துணி காயும்வரை அங்கேயே நின்றிருக்கிறாள்.

"அவங்களைத் திட்டாதீங்கண்ணே, நான் சொன்னதைத்தானே செஞ்சாங்க" என்றான் தம்பி.

படத்தை அப்படியே வைத்துக்கொள்ள அனுமதித்து நகராட்சி அனுப்பிய கடிதம் வந்தது அக்டோபர் 9.