விலகச் சொன்ன கை

என் நெற்றியில் சந்தனம் வைத்த அந்தக் கட்டைவிரல் இன்னும் நினைவிருக்கிறது. மெத்தென்ற, குளிர்ந்த விரல். எங்கள் பள்ளி அதிபர் குனிந்து என் ஹெல்மெட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினார், சந்தனமும் குங்குமமும் வைத்தார், கழுத்தில் செவ்வந்தி மாலையைப் போட்டார். "சிரிச்சுக்கிட்டே வரணும் மகள், எல்லாரும் ஒன்னத்தான் பாப்பாங்க" என்றார். அப்போது நான் பத்தாம் வகுப்பு. தேயிலைத் தொழிற்சாலை முடக்கு வளைவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் பாதையின் உச்சியில், பிரேக் கழற்றிய ஒரு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

சென்ற மாதம் அவர் ஓய்வு பெற்றார். சேவை நலன் பாராட்டு விழா, அதற்கொரு மலர். பழைய மாணவி என்று என்னிடமும் நினைவுக் குறிப்பு கேட்டார்கள். "நல்லதா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார் மலர்க் குழுவில் இருந்த ஆசிரியர். நல்லதாக எனக்கு வரவில்லை. மலரில் போட முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அவர் திருடனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். அவர் திருடவில்லை. எங்களைப் போலவே தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கந்தப்பளைக்கு மேலே, பனியில் கூரைத் தகரம் நனைந்து கிடந்த அந்தத் தோட்டப் பள்ளிக்கு ஆய்வுகூடம் கொண்டுவந்தவர், உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியவர். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு ஒரு பசி இருந்தது. யாராவது பெரிய மனிதர் வந்து, பார்த்து, தலையாட்டிவிட்டுப் போக வேண்டும். அந்தத் தலையாட்டலுக்காக எங்களை என்ன வேண்டுமானாலும் செய்வார். "நம்ம புள்ளைங்க, நம்ம சமூகம்" என்று அவர் மேடையில் தழுதழுக்கும்போது கீழே பெரியவர்கள் கண்ணைத் துடைப்பார்கள்.

ஒருமுறை மாகாணத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. காலையிலிருந்தே தூறலில் எங்களைப் பாதையோரம் கொடியோடு நிறுத்தினார்கள். நல்ல சப்பாத்து போட்ட பிள்ளைகள் முன்வரிசை, செருப்புப் போட்டவர்கள் பின்வரிசை. அதிபரே நடந்து வந்து காலைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தார். முன்வரிசையில் சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்று பசியில் மயங்கி விழுந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்ன மறுகணம், அந்த இடைவெளியில் நிற்க இன்னொரு சப்பாத்துக் காலைத் தேடினார். பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று அன்றைக்கு அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தப் பள்ளியில்தான் அக்கா உயர்தரம் படித்தாள். உறவில்லை, அடுத்த லயத்துப் பெண். பாடசாலைகளுக்கு இடையிலான வாகன வடிவமைப்புப் போட்டிக்கு எங்கள் குழுவுக்குத் தலைவி அவள்தான். ஒருவர் அமர்ந்து ஓட்டும் பற்றரி வண்டி ஒன்றை மாணவர்களே செய்ய வேண்டும். மற்றப் பள்ளிக்காரர்கள் மோட்டாரிலிருந்து தொடங்கினார்களாம். அக்கா பிரேக்கிலிருந்து தொடங்கினாள். ரம்பொடை இறக்கத்தில் பஸ்ஸின் பிரேக் கருகும் மணம் தெரியாத பிள்ளை எங்கள் பக்கம் கிடையாது. "ஏறுறதுக்கு மோட்டார் இல்லாட்டி தள்ளிக்கலாம். எறங்குறதுக்கு பிரேக் இல்லாட்டி யாரு புடிக்கிறது?" என்பாள். உடைந்த முச்சக்கர வண்டி ஒன்றிலிருந்து பிரேக்குகளைக் கழற்றி வந்து முன் சக்கரங்களில் பூட்டினாள். எடை குறைந்தவள் என்பதால் ஓட்டுநர் நான். மோட்டாரே இல்லாத வெறும் சட்டத்தில் என்னை ஏற்றிப் பள்ளிப் பாதையில் உருட்டிவிடுவாள். அவள் கிழித்த கோட்டில் நான் நிற்கும்வரை அடுத்த வேலைக்குப் போகமாட்டாள். எண்ணெய்க் கையோடு தலையில் குட்டி, "மறுபடி" என்பாள். கோபமே வராது எனக்கு.

கொழும்பில் பந்தயத் திடல் பாய் விரித்த மாதிரி இருந்தது. சறுக்கி விழக்கூட ஒரு சரிவில்லை. எங்கள் கனத்த வண்டி கடைசிக்குப் பக்கத்தில் வந்தது. ஆனால் பாதுகாப்பான வடிவமைப்புக்கான பரிசை எங்களுக்குத்தான் கொடுத்தார்கள். நடுவர்களில் ஒருவர், பல்கலைக்கழக விரிவுரையாளர், வண்டிக்கு அடியில் படுத்தே பார்த்துவிட்டு எழுந்து, "உயர்தரத்தை முடிச்சிட்டு எங்ககிட்ட வாங்க, தங்கச்சி" என்று அக்காவிடம் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் விதவிதமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கொழுந்துக் கூடைக்கும் அவளுக்கும் நடுவில் அன்றைக்கு அந்த வாக்கியம் ஒன்றுதான் நின்றது.

வண்டியை லொறியில் ஏற்றுவதற்காக முன் சக்கரங்களையும் பிரேக்கையும் கழற்றியிருந்தோம். ஊர் வந்ததும் சக்கரங்களை மட்டும் மாட்டினோம். பிரேக்கைப் பூட்டிச் சரிபார்க்க அரைநாளாவது வேண்டும். ஆனால் மறுநாள் காலையே வரவேற்பு. பிரதம அதிதியாக ஓர் அரசியல்வாதி வருகிறார். வண்டி மேலேயிருந்து ஊர்வலமாக இறங்கி வந்து பந்தலுக்கு முன் நிற்க வேண்டும் என்று அதிபர் முடிவு செய்திருந்தார்.

"பிரேக் இல்லாம நான் அவள ஏத்த மாட்டேன் சார்" என்றாள் அக்கா. எல்லா ஆசிரியர்களும் நின்றிருந்தார்கள்.

"மோட்டாரப் போட வேணாம் மகள். சும்மா உருட்டிக்கிட்டுத்தானே வரப்போறோம்? ரெண்டு பக்கமும் பையனுங்க புடிச்சுக்குவாங்க."

"அவங்க கைய விட்டா?"

"ஏன் விடுறாங்க?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "பெரியவங்க வர்ற நேரத்துல மொகத்த இப்பிடி வச்சுக்கிட்டு நிக்காத. உள்ள போ" என்றார். அக்கா போகவில்லை. வண்டியின் முன்னால் வந்து நின்றாள். ஓர் ஆசிரியை அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

பையன்கள் நன்றாகத்தான் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தப்பு முழங்க, வெடி வெடிக்க, பாதி இறக்கம்வரை ஒரு குறையும் இல்லை. பந்தலுக்கு முன்னால் அதிதியும் அதிபரும் படம் எடுப்பவரும் நின்றார்கள். அப்போதுதான் அந்தக் கை உயர்ந்தது. சந்தனம் வைத்த அதே கை. "விலகுங்க, விலகுங்க! வண்டி மறையுது!" அதிபர் சொல்லி விலகாத பையன் அந்தப் பள்ளியில் இல்லை. விலகினார்கள்.

நான் கத்தினேன். என் கால் பழக்கத்தில் பிரேக் இருந்த இடத்தை மிதித்துக்கொண்டே இருந்தது. வண்டி பந்தலைத் தாண்டும்போது கூட்டம் கைதட்டியது, அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். வாசலுக்கு அப்பால் மழைநீர்க் கானின் கருங்கல் சுவரில் மோதினோம், வண்டியும் நானும். இடது முழங்கால் அதன்பிறகு சரியாக மடங்கவில்லை. படம் நன்றாக வந்திருந்தது. வாயைத் திறந்து அலறும் என் முகம் அதில் சிரிப்பது போலத் தெரியும். அது வருடக்கணக்காக அதிபர் அறையில் தொங்கியது. சென்ற மாதம் வந்த மலரிலும் முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள், கீழே 'மகிழ்ச்சியில் சாதனை மாணவி' என்று எழுதி.

நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அவர் பழப் பையோடு வந்தார். கட்டிலருகே நின்று என் அப்பாவிடம், "அந்தப் பெரிய புள்ள பிரேக்க மாட்ட மறந்துட்டா. என்ன செய்ய, அதுவும் நம்ம புள்ளதானே? மன்னிச்சிருவோம். கேசு கீசுன்னு போனா பள்ளிக்கூடத்துப் பேருதான் கெடும்" என்றார். நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். ஒருவர்மீது பழியைப் போடுவதைக்கூட நான் புரிந்துகொள்வேன், பயத்தில் மனிதர்கள் செய்வதுதான். தான் செய்ததற்கு இன்னொருத்தியைப் பெருந்தன்மையோடு மன்னித்தாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

விசாரித்தவர்களிடமும் அதையே சொன்னார். ஆசிரியர்கள் வாய் திறக்கவில்லை. பையன்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார், அவர்களும் அடங்கினார்கள். அக்கா உண்மையைச் சொன்னாள். தப்பும் செய்துவிட்டுப் பெரியவர்மேல் பழியும் போடுகிறாள் என்றார்கள். "கொஞ்ச நாளைக்கு வேற பள்ளிக்கூடத்துல படிக்கட்டும்" என்று அதிபர் அவளை அனுப்பினார். தொழில்நுட்பப் பிரிவு இருந்த இன்னொரு பள்ளிக்குப் போய்வர பஸ்ஸும் இல்லை, விடுதியும் இல்லை. அவள் உயர்தரம் எழுதவேயில்லை. இப்போது வத்தளையில் ஒரு டயர் கடையில் பில் போடுகிறாள்.

அன்றைக்கு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காவின் அம்மா எதையும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து என் கட்டுப்போட்ட காலைத் தொட்டு அழுதார். நடந்ததைச் சொன்னேன். "நீ நல்ல புள்ள பாப்பா, அவள விட்டுக் குடுக்க மாட்ட" என்றார். எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "அவ்வளவு பெரிய மனுசன் பொய் சொல்லுவாரா?" என்பதைத் தாண்டி அவரால் வர முடியவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவருவார், உட்காரமாட்டார். குற்றவாளியின் தாயாக வந்து குற்றவாளியின் தாயாகவே திரும்பிப் போவார்.

பாராட்டு விழாவில் சாதனை மாணவி என்று என்னை மேடைக்கு அழைத்தார்கள். நொண்டி நொண்டிப் படியேறினேன். அதிபர் பொன்னாடைகளுக்கு நடுவில் முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். நான் நீளமாகப் பேசவில்லை. "பிரேக் இல்ல, ஏத்தாதீங்கன்னு அக்கா சொன்னாங்க. ஏத்துனது சார். புடிச்சிருந்த பையன்கள விலகச் சொன்னதும் சார். படத்துல வண்டி மறைஞ்சிச்சாம்" என்றேன். அறிவிப்பாளர் தொண்டையைச் செருமி, "பள்ளிக்கால நினைவுகளைச் சுவைபடப் பகிர்ந்துகொண்ட பழைய மாணவிக்கு நன்றி" என்றார். கைதட்டினார்கள். அதிபரும் தட்டினார். நான் கடந்து போகும்போது என் கையைப் பிடித்து, "நல்லாப் பேசுன மகள்" என்றார். மனதார வாழ்த்துவது போலவே சொன்னார். புழு ஊர்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

சாப்பாட்டு நேரத்தில் அவரைச் சுற்றி ஒரே கூட்டம். அதை விலக்கிக்கொண்டு அக்காவின் அம்மா அவர் முன்னால் போய் நின்றார். பேரன் படிப்பதால் பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. கையில் அப்போதுதான் கொடுத்த சோற்றுப் பார்சல்.

"சார், இந்தப் புள்ள சொன்னது நெசமா?"

அதிபர் அந்த அம்மாவின் தோளைத் தொட்டார். "அதெல்லாம் பழைய கதை தானேம்மா. சாப்ட்டீங்களா?"

அதிபர் இல்லை என்று சொல்லவில்லை. பொய் என்றும் சொல்லவில்லை. அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பார்சலை அருகிலிருந்த மேசையில் வைத்தார்.

"அன்னைக்கு வேலி வாசல்ல வச்சு, லயமே பாக்க, எம் மகள வெளக்கமாத்தால அடிச்சேன் சார்" என்றார்.