இல்லாத கட்டி

களுவாஞ்சிக்குடியில் இருபது வருடமாகச் சாறி பிளவுஸ் தைக்கிறேன். எத்தனையோ பெண்களின் மார்பைச் சுற்றி அளவுநாடா பிடித்திருக்கிறேன். தன்னுடையது சரியாக இருக்கிறது என்று சொன்ன ஒருத்தியை இன்னும் சந்திக்கவில்லை. நானும் அந்தக் கூட்டம்தான். மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, பிறகு சீனி வருத்தமான நீரிழிவுக்குப் பயந்து உடம்பைக் குறைத்ததில், தோல் மட்டும் மிஞ்சித் தொங்கியது. வெயில் காலத்தில் மடிப்புக்குள் வேர்த்துப் புண்ணாகும். ஆனால் புண்ணைக் காரணம் காட்டித் தப்பிக்க நான் விரும்பவில்லை. எனக்கு வடிவாக இருக்க ஆசை. நாற்பத்தாறு வயதில் ஆசைப்பட்டதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

இப்படி எழுதும்போது தைரியமாகத்தான் இருக்கிறது. ஊரில் வாயைத் திறந்தபோது கதை வேறு.

கொழும்பில் வைத்தியர் என் உடம்பில் பேனையால் கோடு போட்டார், நான் துணியில் சோக்கால் போடுவதைப் போலவே. புதிதாக எதையும் வைப்பதில்லை, மிஞ்சின தோலை வெட்டி, உள்ளதை உயர்த்தித் தைப்பதுதான் வேலை என்றார். காம்பைச் சுற்றி ஒரு தழும்பு, அங்கிருந்து நேரே கீழே ஒன்று, அடி மடிப்போடு ஒன்று. அவை மங்கும், அழியாது. உணர்வு சில மாதம் மரத்திருக்கும், சிலருக்குத் திரும்பாமலே போகலாம். வயது ஏற ஏற மறுபடி கொஞ்சம் இறங்கும். ஒரு தையற்காரி இன்னொருவரிடம் எதிர்பார்க்கிற நேர்மை அதில் இருந்தது. சத்திரசிகிச்சைக்கு முன் மார்பைப் படமெடுத்துப் பார்த்தார்கள். கட்டி, குறை எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது.

போவதற்கு முதல் நாள் என் புருசனின் அக்கா வந்தா. இரண்டு வளவு தள்ளி இருக்கிற மச்சாள். புருசனை இழந்தவ, பிள்ளையில்லை, என் வீட்டில்தான் பாதி நாள்.

"என்னத்துக்கு கா இப்ப கொழும்புக்கு?"

"நெஞ்சில சின்னக் கட்டியொண்டு மச்சாள். எடுக்கச் சொன்னாங்க. பயமில்லையாம்."

அவ்வளவு சுலபமாக வந்தது. நோய் வருத்தம் என்றால் எங்கள் ஆட்கள் சொதியும் சோறுமாக வாசலுக்கு வருவார்கள். ஆசை என்றால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போவார்கள். நான் சொதியைத் தேர்ந்துகொண்டேன். புருசன் பக்கத்தில் நின்று கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது வான் வண்டியின் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் தலையணை வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு குண்டும் குழியும் எனக்குத் தெரிந்தது. நோவு நான் பயந்த அளவுக்கு இல்லை, இறுக்கம்தான் தாங்கவில்லை. இரவும் பகலும் கழற்றக்கூடாத ஒரு இறுக்கமான உள்ளாடை. மல்லாந்துதான் படுக்கை, அதுவும் பாதி சாய்ந்தபடி. நாலாம் நாள் காரணமில்லாமல் அழுதேன். கண்ணாடியில் பார்த்தால் மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றி, வீங்கி, கழுத்துக்குக் கிட்ட ஏறி நின்றது. இதற்கா இவ்வளவு பாடு என்று வந்தது. மாதக்கணக்கில் மெல்ல இறங்கி இடத்தில் அமரும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். சொன்னது காதில் இருந்தது, மனதில் இருக்கவில்லை.

ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது. தையல் மெசின் மூடிக் கிடந்தது, எனக்கோ எரிச்சல் தலைக்கேறியது. தலை சீவ முடியவில்லை. புருசன் ஒருநாள் முயன்றார். சிக்கு எடுக்கிறேன் என்று வேரோடு இழுத்தார். மச்சாள் வந்து சீப்பைப் பறித்தா.

"விடுடா. மாட்டு வாலா இது?"

அன்றிலிருந்து காலையில் வருவா. என் பின்னால் வாங்குப் பலகையில் குந்தி எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னி விடுவா. எனக்காக அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தா. அந்தக் கோயில் கதவு வருடத்தில் ஒருமுறை, வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும். கண் வருத்தக்காரர் வெள்ளியில் கண் செய்து போடுவார்கள், கால் வருத்தக்காரர் கால். மச்சாள் எனக்காகச் செய்வித்து வைத்திருந்தது, பெருவிரல் நகமளவு வெள்ளித் தகட்டில் ஒரு மார்பு. அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டியபோது எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் தொட்டுக் கும்பிட்டேன்.

மூன்றாம் கிழமை ஒரு காலை, சீவிக்கொண்டே கேட்டா.

"கட்டி கைக்குத் தட்டுப்பட்டதா கா?"

"ஓம்," என்றேன், பழக்கத்தில்.

"நோவுமா?"

"இல்ல."

"எனக்கும் நோவில்ல," என்றா. சீப்பு நிற்கவில்லை. "தைப்பூசத்துக்கு முதல் இருந்தே கிடக்கு. புளியங்கொட்டையளவு. நானும் பயந்துதான் கிடந்தன். உனக்குச் சும்மா கட்டியெண்டோன எனக்கும் மனம் ஆறிற்று. அம்மாளுக்கு எனக்கும் சேத்துத்தான் நேர்ந்தன். கரைஞ்சிரும்."

என் பொய் அவவின் நெஞ்சில் போய் மருந்தாகக் குந்தியிருந்தது. திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. சடை அவ கையில் இருந்தது.

"மச்சாள், எனக்குக் கட்டி இருக்கல்ல."

"எடுத்தாச்சுத்தானே."

"இல்ல. எப்பவும் இருக்கல்ல. தொங்கினதைத் தூக்கித் தைக்கப் போனன். வடிவுக்கு. உங்களுக்குப் பொய் சொன்னன். நீங்க நாளைக்கே ஆசுப்பத்திரிக்குப் போகோணும்."

சீப்பு நின்றது. பாதி பின்னின சடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனா. வாசல் கடப்படியில் நின்று, "அம்மாளுக்கும் என்னைப் பொய் சொல்ல வைச்சிட்டாய்," என்றா. குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் விடியவே சாறியுடுத்தி வந்து நின்றா. "தனியப் போகமாட்டன். வா." மட்டக்களப்புக்குப் போனோம். படமெடுத்தார்கள், ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். கூடாத சாமான்தான் என்றார்கள். ஆனால் சின்னது, இன்னும் பரவவில்லை என்றும் சொன்னார்கள். இன்னும் ஆறு மாதம் அம்மாளை நம்பிக்கொண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வி என்னோடுதான் படுக்கிறது.

அந்த வைகாசியில் கதவு திறந்தபோது வெள்ளித் தகட்டை நான்தான் போட்டேன், அவவின் பேரைச் சொல்லி. அடுத்த மாதம் அவவின் இடப்பக்கத்தை எடுத்தார்கள். ஆசுப்பத்திரி வாட்டில் போய்ப் பார்த்தபோது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன்ட வைத்தியரைக் கேளு, எனக்கு ஒண்டுதான் மிச்சம், பாதி விலைக்குத் தூக்கித் தருவாரா எண்டு," என்றா. பக்கத்துக் கட்டில்காரி சிரித்தா.

என் தழும்புகள் இப்போது சிவப்பு மாறி வெளுக்கத் தொடங்கியிருக்கின்றன. இடப்பக்கம் உணர்வு திரும்பிவிட்டது, வலப்பக்கம் பாதிதான். செய்துகொண்டதற்கு நான் வருந்தவில்லை, ஒளித்ததற்குத்தான் வருந்துகிறேன். இப்போது யார் கேட்டாலும், அளவெடுக்க வருகிறவர்களிடம்கூட, உள்ளதைச் சொல்கிறேன். முந்தானைக்குள் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

மச்சாளுக்கு இடக்கை இன்னும் மேலே எழும்பவில்லை. காலையில் நான் போகிறேன். நேற்று நான் பின்னால் இருந்து எண்ணெய் வைக்கும்போது சொன்னா, "வாற கிழமை மருந்து ஏத்தத் தொடங்குறாங்களாம். முடியெல்லாம் கொட்டிருமாம். அதுக்குள்ள ஒருக்கா ரெட்டைச் சடை பின்னிவிடு கா, பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி."

நடுவகிடு எடுத்து, இரண்டு பக்கமும் இறுக்கிப் பின்னி, என் பெட்டியிலிருந்த சிவப்பு ரிபனால் கட்டிவிட்டேன்.