மனைவிக்காக நான் அடித்த பத்து டிக்

போன சனிக்கிழமை ஒரு சிஸ்டர் என்னைக் கேட்டார்: "மாசமா இருக்கறது நீங்களா சார், மேடமா?"

ஆஸ்பத்திரி ரிசப்ஷனே திரும்பிப் பார்த்தது. தேவைதான் எனக்கு.

நடந்தது இதுதான். என் மனைவி பிரமிளாவுக்கு ஏழாவது மாதம். செக்கப்புக்குப் போன இடத்தில் அவள் மனநிலை பற்றி ஒரு படிவம் கொடுத்தார்கள் — பத்துக் கேள்விகள். எங்கள் வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் நான்தான் நிரப்புவேன். கேஸ் கனெக்‌ஷன், இன்கம் டாக்ஸ், எல்லாம். ஆபீஸிலும் டீமில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கு அப்ரைசல் எழுதுகிறவன் நான்... மனைவி மனசு தெரியாதா?

கடகடவென்று டிக் அடித்தேன். காரணமில்லாமல் அழுகிறீர்களா? 'இல்லவே இல்லை.' தூக்கம் வருகிறதா? 'நன்றாக.' பக்கத்தில் குறட்டை விடுகிறவன் சொன்ன சாட்சி இது.

சிஸ்டர், பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த நீலசந்திராக்காரர். என் கையில் பேனாவைப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வி. படிவத்தை வாங்கிக் கிழித்தார். புதிதாக ஒன்றைப் பிரமிளாவிடம் கொடுத்து உள்ளே கூட்டிப் போனார்.

"நீங்க இங்கயே உக்காருங்க சார். சும்மா."

முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தேன். பிறகு, பிரமிளாவைக் கேட்டுக்கொண்டு, டாக்டர் என்னையும் கூப்பிட்டார். பிரமிளா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ரெண்டு மாசமா டெய்லி அழறேங்க. பாத்ரூம்ல, குழாயைத் திறந்துவிட்டுட்டு."

அந்தக் குழாய்ச் சத்தம் எனக்குக் கேட்டிருக்கிறது. வைட்ஃபீல்டில் டேங்கர் தண்ணீரை நம்பி வாழ்கிறவன் என்ன செய்வேன்? தினமும் கதவைத் தட்டி, "தண்ணி வேஸ்ட் ஆகுது பாரு" என்று கத்தியிருக்கிறேன்.

டாக்டர் தமிழும் கன்னடமும் கலந்து பொறுமையாகச் சொன்னார். இது கர்ப்பகால மனச்சோர்வு, பிரமிளாவின் தப்பில்லை, சரிசெய்யக்கூடியதுதான். கவனிக்காமல் விட்டால், பிள்ளை நாள் நிறையும் முன்பே பிறக்கவும், எடை குறைவாக இருக்கவும் வாய்ப்பு கூடும். அதனால் வாரம் ஒருமுறை கவுன்சலிங். கேட்கக் கேட்கப் பயமாக இருந்தது. புரோட்டீன் பவுடர், குங்குமப்பூ, மாதுளம்பழம் என்று வாங்கிக் குவித்தவன், "எப்படி இருக்கே? நல்லாத்தானே இருக்கே?" என்று பதிலையும் நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று மறுபடி பாத்ரூமில் குழாய்ச் சத்தம். தட்டினேன்.

"தண்ணிக்காகத் தட்டறீங்களா, எனக்காகவா?"

"உனக்காகத்தான்."

கதவு திறந்தது. உள்ளே குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது... சத்தியமாக நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.