கலா கடையில் விலை சொல்வதில்லை

சூர்யகலாவுக்குத் தலையாட்டும் நரம்பு பிறவியிலேயே இல்லை என்று ராசிங்காபுரத்துச் சொந்தக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். பள்ளிக்கூடம் முடித்ததும் மாப்பிள்ளை பார்த்தார்கள், மாட்டேன் என்றார். அப்படியானால் டீச்சர் ட்ரெயினிங் போ என்றார்கள். அதற்கும் மாட்டேன், கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்றார். படித்துவிட்டு போடியில் ஒரு ஏலக்காய் மண்டியில் பில் போடும் வேலைக்குப் போனார். அங்கே காய் பொறுக்கும் பெண்கள் நாள் முழுக்கத் தரையில் குத்தவைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு ஆளுக்கொரு முக்காலி வராமல் நான் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார். முதலாளி ஆழ்ந்து யோசித்து, நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். முக்காலி இன்னும் வரவில்லை.

கல்யாணமும் நடந்தது. அவர் சொன்ன வருஷத்தில், அவர் சொன்ன ஆளோடு. கணவர் முத்துக்கண்ணன் போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் அசராமல் ஏறி இறங்கும் மனிதர், வீட்டில் மட்டும் ஹாரன் அடிப்பதில்லை.

ஜீப்புகள் கிளம்பும் இடத்துக்கு எதிரே கலாவின் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பூட்டுப் போட்ட ஓர் இரும்பு அலமாரி. எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு இவரிடம் கொடுத்துவிட்டு மலையேறிவிடுவார்கள். ஓ.டி.பி. வந்தால், மேலே சிக்னல் கிடைக்கும் பாறையாகத் தேடி ஏறி நின்று போனில் அந்த எண்ணைக் கத்துவார்கள். சாயங்காலம் இறங்கும்போது வேலை முடிந்திருக்கும். ரசீதும் இல்லை, சாட்சியும் இல்லை. கலாவின் முதலீடு அந்த நம்பிக்கைதான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு பழைய பிரிண்டர்.

இனி ஊரின் வியாதிக்கு வருவோம். போடியில் வணக்கம் சொல்ல மறந்தால் மன்னித்துவிடுவார்கள், "இன்னைக்குக் காய் என்ன வெல?" என்று கேட்காமல் போனால் உடம்புக்கு ஏதோ என்று பயந்துவிடுவார்கள். கேட்கிறவரிடம் ஓர் ஏலச்செடிகூட இருக்காது. முடி வெட்டுகிறவர், சால்னா ஊற்றுகிறவர், பல் பிடுங்குகிற டாக்டர், எல்லோருக்கும் விலை தெரிந்தாக வேண்டும். தெரிந்து என்ன செய்வார்கள்? அடுத்தவரிடம் சொல்வார்கள்.

கலா கடைக்கு வருகிறவர்களும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். தொண்டை வற்றிப்போன கலாவுக்குக் கட்டட உரிமையாளரும் காய் வியாபாரியுமான ஒச்சப்பன் ஒரு வழி சொன்னார். அவருடைய மருமகன் நடத்தும் விலை சொல்லும் வெப்சைட். திறந்து வைத்துவிட்டால் போதும், வருகிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். திறந்தபோது விலையை மறைத்துக்கொண்டு ஒரு கட்டம் வந்தது. 'அனுமதி' என்று நீல நிறத்தில் பெரிதாக, 'தடு' என்று கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிறத்தில். பின்னால் கூட்டம்.

"வெரசா பாருத்தா, ஜீப்பு கெளம்புது!"

வாழ்நாள் முழுக்க மாட்டேன் என்றே சொன்ன பெண், அந்த ஓர் இடத்தில் அனுமதித்துவிட்டார். அடுத்தடுத்து வந்த கட்டங்களுக்கும் அதே பதில். சரி சொல்லிப் பழக்கமில்லாதவருக்கு அதன் பின்விளைவுகளும் பழக்கமில்லை.

கொஞ்ச நாளில் திரையின் மூலையில் பரிசு விழுந்ததாகச் செய்தி வந்தது. பிறகு ஆபத்து என்று சிவப்பாக வந்தது. பிறகு யாரும் கேட்காமலேயே வாயில் நுழையாத பெயர்களோடு ஃபைல்கள் இறங்கத் தொடங்கின. கலா அவற்றைத் திறக்காமல் அழித்தார். அழிக்க அழிக்க வந்தன.

குரங்கணிக்கு மேலே தோட்ட வேலை பார்க்கும் ராக்கு, மகளின் வருமானச் சான்றிதழ் எடுக்க வந்த அன்று மூன்று ஃபைல்கள் வரிசையாக இறங்கின.

"ஏ கலா, நான் கேக்காததெல்லாம் எறங்குதே, என்னது?"

"அது ஒண்ணுமில்லக்கா. தானா வருது."

"தானா வர்றதுக்கு அது என்ன சாரலா? என் ஆதாரும் இப்படித் தானா எங்கிட்டாவது போகுமா?"

கலா பதில் சொல்வதற்குள் ராக்கு, "பையக் கொண்டா இங்க" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

செய்தியும் ஜீப்பில்தான் ஏறியது. முதல் வளைவில் அது 'கலா கடையில ஏதோ எறங்குது' என்றிருந்தது. பாதி மலையில் கைரேகை திருட்டானது. போடிமெட்டில் டீ குடிக்கும்போது மூன்று பேருடைய பாஸ்புக் காலியாகிவிட்டிருந்தது. அந்த மூன்று பேர் யார் என்று யாரும் கேட்கவில்லை. முத்துக்கண்ணன் தன் ஜீப்பை ஓட்டியபடியே தன் மனைவியைப் பற்றிய கதையைக் கேட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் ஒரு மஞ்சப்பைகூட வரவில்லை.

கம்ப்யூட்டர் மெக்கானிக் விஜயகுமாரை வரவழைத்தார் கலா.

"ஃபார்மட் போட்டுரலாம்க்கா. பொட்டியக் குடுங்க, தேனிக்குக் கொண்டுபோயிர்றேன்."

"மாட்டேன். ஊரு ஆதாரெல்லாம் இதுலதான் ஏத்திருக்கேன். இது வாசப்படி தாண்டாது."

"அப்ப ஒவ்வொண்ணா நோண்டணுமே, சோலி இழுக்கும்."

"இழுக்கட்டும். எது பண்ணுதுன்னு எனக்குத் தெரியணும். தெரியாம தொடச்சு விட்டா, நாளைக்கும் அதே எழவுதான?"

விஜயகுமார் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். திறந்திருந்த எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து காத்திருந்தார்கள். அரசாங்கப் பக்கம் அமைதியாக இருந்தது. ரயில் டிக்கெட் பக்கம் வழக்கம்போல எதற்கும் அசையவில்லை. விலைப் பக்கத்தைத் திறந்ததும் ஒரு ஃபைல் பொத்தென்று விழுந்தது. பிரவுசரின் செட்டிங்ஸில் எந்தெந்தத் தளத்துக்கு என்னென்ன அனுமதி என்று ஓர் இடம் இருக்கிறது. அறிவிப்பு அனுப்ப, பாப்-அப் திறக்க, தானாக டவுன்லோடு செய்ய என்று மூன்றிலும் அந்த ஒரே பெயர் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

"யாருக்கா இதுக்கெல்லாம் அனுமதி குடுத்தது?"

"நான்தான்."

மூன்றிலும் தடுத்தார்கள். மறுநாள் காலை மறுபடி ஒன்று எட்டிப் பார்த்தது. 'விலை உடனுக்குடன்' என்று பிரவுசரிலேயே ஒரு எக்ஸ்டென்ஷன் ஒட்டிக்கொண்டிருந்ததை விஜயகுமார் கண்டுபிடித்துப் பிடுங்கினார். வைரஸ் சோதனையும் ஓட்டினார். இனி எது இறங்குவதானாலும் முதலில் கேட்டுவிட்டு இறங்கும்படி மாற்றினார். அதன்பிறகு எதுவும் வரவில்லை. ஆட்களும் வரவில்லை.

கலா கம்ப்யூட்டரை வாசலுக்கு இழுத்துப் போட்டு, திரையைத் தெருப்பக்கம் திருப்பினார். மேலே ஓர் அட்டை: 'இங்கு ஏலக்காய் விலை சொல்லப்படாது.' டீக்கடையில் டீ கிடையாது என்று எழுதியதைப் போல ஊர் அதிர்ந்தது. ஏன் என்று கேட்க வந்தவர்களுக்கெல்லாம் கலா தடுக்கப்பட்ட பெயரைத் திரையில் காட்டினார். நான்தான் அழுத்தினேன், இதுதான் வந்தது, இப்படித்தான் நிறுத்தினேன் என்று ஒளிக்காமல் சொன்னார். கேட்டவர்கள் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். போடியில் எந்தப் போன் விலை பார்க்காமல் இருந்திருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை வரிசை ஜீப் ஸ்டாண்டைத் தொட்டது. கலா ஒவ்வொரு போனாக வாங்கி அந்தப் பெயரைத் தடுத்துக்கொண்டிருந்தபோது ஒச்சப்பன் வந்தார்.

"என்னத்தா, நம்ம மருமகப்பிள்ளை சைட்டத் தடுக்கிறியாமே? ஊருக்கே வெல சொல்ற சைட்டு."

"வெலய மட்டும் சொன்னா நான் ஏண்ணே தடுக்கப்போறேன்? கூடவே குப்பையை எறக்குதே, அது எதுக்கு?"

"அது வெளம்பரம். அவனும் பொழைக்க வேணாமா?"

"பொழைக்கட்டும். ராக்கக்கா ஆதார் இருக்கிற பொட்டிக்குள்ள வந்து பொழைக்க வேணாம்."

"கட்டடம் யாருதுன்னு ஞாவகம் இருக்கா?"

"உங்களுது. பொட்டி என்னுது."

வரிசையில் நின்ற ராக்கு முன்னால் வந்தார். "அண்ணே, பேசுறதுன்னா வரிசையில நின்னு பேசுங்க. நாங்கெல்லாம் மனுசங்களாத் தெரியலையா?" என்று சொல்லிவிட்டு, மகளின் சான்றிதழுக்கான மஞ்சப்பையைக் கலாவின் மடியில் வைத்தார். "சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன், கலா."

"தை பொறந்ததும் கடையக் காலி பண்ணிரு" என்று சொல்லிவிட்டு ஒச்சப்பன் நடையைக் கட்டினார்.

அந்த வாரமே, காலி செய்கிறேன் என்று எழுதி வாங்கிவரத் தன் மண்டியிலிருந்து ஓர் ஆளையும் அனுப்பினார். வந்தவர் கன்னையன். பாவம், சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் சட்டைப்பையில் போன் நாலு தடவை கத்தியது, பரிசு விழுந்திருப்பதாக. கலா கையை நீட்டினார்; அவர் கொடுத்துவிட்டார். தடுக்க வேண்டியதைத் தடுத்து, இறங்கியதை அழித்து, போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இனிமே கத்தாது. மொதலாளிகிட்டச் சொல்லிருங்க, காலி பண்ண மாட்டேன்னு."

"எழுதிக் கேட்டாருங்களே ஆத்தா?"

"எழுதியும் தர மாட்டேன்."

கன்னையன் போனை ஒருமுறை காதருகே வைத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. அந்தச் சந்தோஷத்தில், என்ன பதில் கொண்டுபோகிறோம் என்ற கவலையே இல்லாமல் மண்டிக்கு நடந்தார்.